மிச்சமிருந்த கப்ளிங்

புதிதாகத் தோட்ட வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

மருந்தடிக்கும் மெஷினுக்கு எந்த லான்ஸ் வாங்கலாம், பித்தளையா பிளாஸ்டிக்கா, எத்தனை அடி, எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போனில் நாலைந்து படங்களும் அனுப்பியிருக்கிறீர்கள். படத்தில் எல்லா லான்ஸும் அழகாகத்தான் இருக்கிறது. கல்யாணத் தரகர் கொண்டுவரும் படங்களும் அப்படித்தான் இருக்கும். கூட வாழப்போகிறவனுக்குத்தான் மிச்சம் தெரியும்.

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக, நம்முடைய பேச்சில் சொன்னால் கண்டாக்காக, முழங்கால் தேயும்வரை மலை ஏறி இறங்கியவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஓய்வில் இருக்கிறவனிடம் கேள்வி கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லான்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அது ஒரு மனிதன் கையில் பிடித்துக்கொண்டு மருந்து அடிக்கப்போகும் நீளக் குழாய். விற்கிறவர்கள் அதைக் கடை வாசலில், சமதரையில் நின்று பிடித்துக் காட்டுவார்கள். நம்முடைய ஆட்கள் நிற்கிற இடம் அப்படி இல்லை. குட்டையாக இருந்தால் மருந்து அவர்களுடைய காலிலேயே விழும். நீளமாக இருந்தால் மேல் வரிசைத் தேயிலையில் மாட்டும், தோளும் கடுக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்னால் ஒன்றை இரவல் கேட்டு எடுத்துவாருங்கள். வெறும் தண்ணீரை நிரப்பி, உங்கள் டிவிஷனிலேயே செங்குத்தான மலைக்குக் கொண்டுபோய், நெட்டையான ஆளிடமும் குள்ளமான ஆளிடமும் மாறிமாறிக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் எதைப் பற்றிக் குறைவாக முணுமுணுக்கிறார்களோ அதை வாங்குங்கள். விசையை விட்டால் மருந்து உடனே நிற்க வேண்டும். அழுத்திப் பூட்டி வைக்கும் கிளிப் உள்ளதை வாங்காதீர்கள். கை வலிக்காது என்று ஆட்களே அதைத்தான் கேட்பார்கள். சறுக்கி விழுகிறவன் கையில் பூட்டிய லான்ஸ் இருந்தால் அது எங்கே பார்த்து அடிக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

மெஷினின் அழுத்தம் குறைவாகவே இருக்கட்டும். கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மருந்து புகையாய்ப் பறந்து பக்கத்து மலைக் கொழுந்தில் போய் உட்காரும். லான்ஸ் இவ்வளவுதான்.

நீங்கள் கேட்காதது கப்ளிங்கைப் பற்றி. ஹோஸையும் ஹோஸையும், ஹோஸையும் டாங்கியையும் சேர்க்கும் சின்ன மூட்டு அது, அதை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. எனக்கு இந்த உத்தியோகத்தில் மிக மோசமாக விடிந்த நாள் ஒன்றை அதுதான் கொண்டுவந்தது.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் ஆட்கள் மருந்து டாங்கியை முதுகில் சுமந்துதான் மலையேறினார்கள். முதுகிலிருந்து கசிந்து முதுகெலும்பு வழியாக இறங்கும். அந்தச் சுமையை இறக்கிவைத்தவர் எங்கள் சின்னத் தொரை, அதாவது உதவி மேனேஜர். கண்டியிலிருந்து வந்த சிங்கள இளைஞர், தமிழ் நன்றாகவே பேசுவார். ரோட்டோரம் ட்ரெய்லரில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டாங்கி, சின்ன எஞ்சின் ஒன்று, அங்கிருந்து மலைமேல் போகும் நீள ஹோஸ், அதன் நுனியில் மூன்று லான்ஸ் என்று ஒரு மெஷினைத் தானே யோசித்துக் கட்டினார். மேனேஜரான பெரிய தொரையிடம் போராடி அனுமதி வாங்கியவரும் அவர்தான். இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு அவரைக் குறைவாக நினைக்காதீர்கள். முதுகு காய்ந்த ஆட்கள் அவரை இன்றைக்கும் வாழ்த்துகிறார்கள்.

சாமான் வாங்க ஹட்டனுக்கு அவரோடு நானும் போனேன். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எல்லா மூட்டும் ஒரே அளவு, ஒரே வகை. வைத்து அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் கப்ளிங். மலையில் நின்றுகொண்டு எது எதற்குப் பொருந்தும் என்று யாரும் தேடக்கூடாது. லான்ஸுக்கு அது நல்ல யோசனைதான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கடைக்கார நானா எண்ணி வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து மேலே வைத்தார்.

"ஒண்டு கூடுதலா இரிக்கட்டும் சேர். ஒடஞ்சா மாத்திக்கலாம்."

அந்தக் கூடுதல் கப்ளிங் சாக்குப் பைக்குள் கொஞ்சநாள் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற சாமானைப் பார்த்தால் நமக்குக் கை அரிக்கும். நான் லீவில் போயிருந்த நேரம், அதற்கும் ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களுக்குத் தண்ணீர் வருவது மேலே காட்டு ஊற்றிலிருந்து. கறுப்புக் குழாய் ஒன்று மலைச்சரிவில் இறங்கி, ரோட்டைத் தொட்டு, பிறகு கீழே லயத்துப் பீலிக்குப் போகும். பீலி என்றால் ஊரே தண்ணீர் பிடிக்கும் இடம். குடிப்பது, சமைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அதில்தான். ரோட்டைத் தொடும் இடத்தில் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து நிற்கும், அதில் ஒரு டேப். மருந்து டாங்கிக்கு அங்கேதான் தண்ணீர் பிடிப்போம். முன்பெல்லாம் ஒரு ஆள் ட்ரெய்லரில் ஏறி, ஹோஸ் நுனியை டாங்கியின் வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். தண்ணீர் தெறிக்கும், அவன் நனைவான், திட்டுவான்.

மிச்சமிருந்த கப்ளிங்கை அந்த டேப்பின் வாயில் பொருத்தச் சொல்லிவிட்டார் சின்னத் தொரை. இனி ஹோஸின் ஒரு நுனி டேப்பில் 'டக்', மறுநுனி டாங்கியின் அடிப்பக்கத்தில் 'டக்'. யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம், யாரும் நனைய வேண்டாம். குடிதண்ணீர்க் குழாயும் மருந்து டாங்கியும் இப்படி ஒன்றாகப் பூட்டப்பட்டன.

நான் லீவு முடிந்து வந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு எங்கள் டிவிஷன் மாதா கோயில் திருநாள். திருநாள் என்றால் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் இல்லை, மொத்த டிவிஷனுக்கும் அன்றைக்கு அடுப்பு கோயிலுக்குப் பின்னால்தான். அதற்காக லயத்தில் ஒவ்வொரு குடும்பத்துக் காம்பராவிலும் வாரக்கணக்காகப் பிடி அரிசி எடுத்துவைப்பார்கள். அரிசி விலை ஏறிய பிறகு அந்தப் பிடி சின்னதாகிப் போனது. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. தோட்டத்து இந்துக் கோவிலில் பூசை செய்கிறவர் வீட்டிலிருந்தும் வரும்.

அரை நாள் லீவு கேட்டிருந்தார்கள், பெரிய தொரையும் கொடுத்திருந்தார். ஆனால் நாலைந்து நாளாகக் கொட்டிய மழை அன்று காலையில் விட்டு, வெயில் எட்டிப் பார்த்தது. புல்லுக்கு மருந்தடிக்க வெயில் வேண்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் வைத்துச் சின்னத் தொரை, "மருந்தடிக்கிற ஆக்கள் மட்டும் பகல் வரைக்கும் அடிச்சிட்டுப் போங்க" என்றார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

நான் மற்ற வேலைகளைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ரோட்டோரம் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் தேத்தண்ணிக்கு இறங்கியிருந்தார்கள். எஞ்சின் நின்றிருந்தது. மெஷின்காரன் தங்கவேலு ரோட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தான். நல்ல ஆள், வேலையில் பொறுப்பு உண்டு. என் கண் புதிதாக மின்னிய கப்ளிங்கில் போய் நின்றது.

"தங்கவேலு, இது என்னா புதுசா?"

"போன கெழமை போட்டதுங்க ஐயா. மிச்சம் இருந்த கப்ளிங். சின்னத் தொரை போடச் சொன்னாரு. நல்லா இருக்குங்க, சொட்டுத் தண்ணி சிந்தாது."

டாங்கியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஆனபடியால் வெயிலில் உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். கலக்கிய மருந்து இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, உள்சுவரில் ஈரம் காயாத இன்னொரு கோடும் இருந்தது.

"டாங்கி ரொம்பி இருந்துச்சா?"

"ரொம்பித்தாங்க இருந்துச்சு. மருந்த ஊத்திக் கலக்கிட்டுத்தான் மேல போனேன்."

"அப்ப இது எங்க போச்சு?"

அவன் எழுந்து வந்து பார்த்தான். "ஆக்கள் கொஞ்சம் அடிச்சிருப்பாங்க... இல்லாட்டி ரொம்பலயோ..."

டேப்பைத் தொட்டுப் பார்த்தேன். திருகி மூடிப் பூட்டியிருந்தது. "இத எப்ப பூட்டுன? மருந்து ஊத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தங்கவேலு டேப்பைப் பார்த்தான். "முன்னாடிதான் பூட்டுவேன் ஐயா, எப்பவும். ஆனா இன்னிக்கி அவசரம். இப்ப நீங்க வர்ற சத்தம் கேட்டும் ஒருக்கா திருகுனேன். அதுக்கு முன்னாடியே பூட்டி இருந்துச்சா இல்லையான்னு... நெசமா சொல்றேன் ஐயா, தெரியல."

ஹோஸைக் கழற்றிவிட்டு டேப்பை முழுதாகத் திறந்தேன். தண்ணீர் பீறிட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. குழாய்க்குள்ளே 'உர்ர்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. உள்ளங்கையை வாயில் வைத்துப் பார்த்தேன், கையை உள்ளே இழுத்தது.

புரிய நேரம் எடுக்கவில்லை. மழையில் அடித்துவந்த இலைகுழை மேலே ஊற்றின் வாயை அடைத்திருக்கிறது. கீழே திருநாளுக்காக எல்லாக் குழாயும் திறந்திருக்கிறது. மேலிருந்து வராத தண்ணீரைக் குழாய் எங்கிருந்தாவது இழுத்துத்தான் கீழே கொடுக்கும். டேப் திறந்திருந்தால், டாங்கியிலிருந்து இழுத்திருக்கும். திறந்திருந்ததா? யாருக்கும் தெரியாது.

அந்த மருந்தின் பெயரை எழுத விரும்பவில்லை. குடிக்கக் கூடாத மருந்து, அவ்வளவு தெரிந்தால் போதும்.

டேப்பை இறுக்கிப் பூட்டி, ஒரு ஆளை ஊற்றுக்கு ஓடச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அந்த வளைவில் போனுக்கு டவர் கிடையாது. அடுத்த வளைவில் கிடைத்ததும் சின்னத் தொரையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஷுவரா?" என்று கேட்டார்.

"ஷுவர் இல்லங்க சேர்."

"ஷுவர் இல்லாம எப்பிடிச் சாப்பாட்டக் கொட்டச் சொல்றது? ஃபாதர் வந்துட்டாரு, பெரிய தொரை வந்துகிட்டு இருக்காரு. தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாப்போமே."

"டெஸ்ட் வர நாளாகும் சேர். சோறு இப்ப எறங்கிரும்."

அதற்கு அவர் சொன்னது: "நான் கொட்டுங்கன்னும் சொல்லல, கொட்ட வேணாம்னும் சொல்லல. நீங்க போய்ப் பாருங்க."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த வாக்கியத்தை உங்கள் உத்தியோகக் காலத்தில் பலமுறை கேட்பீர்கள். பலவிதமான குரலில் கேட்பீர்கள். கோபப்படுவதில் பிரயோசனம் இல்லை. அதைக் கேட்ட பிறகு முடிவு உங்களுடையது என்று மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. திருநாள் சமையல் எப்போதும் ஞானம்மா அக்கா பொறுப்பு. கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர், கோயில் கமிட்டியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பெரிய அண்டா ஒன்றில் சோறு வடித்து மூடியிருந்தது. இன்னொன்று கொதித்துக்கொண்டிருந்தது. பருப்பும் பூசணிக்காய்க் கறியும் இறக்கியிருந்தார்கள். பிள்ளைகள் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பீலித் தண்ணிய யாரும் வாயில வைக்க வேணாம். எல்லாக் கொழாயையும் பூட்டச் சொல்லுங்க. சோத்தையும் எடுக்க வேணாம்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்னாங்க ஐயா சொல்றீங்க?"

சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். "எந்தத் தண்ணியில சமைச்சீங்க?" என்று கேட்டேன்.

"விடிய ட்ரம்முல புடிச்சு வச்சோம். தேத்தண்ணி அதுலதான் போட்டோம். அது பத்தாம, பெறகு பீலியில புடிச்சோம்."

"எந்த அண்டாவுக்கு எது?"

"யாருங்க அதெல்லாம் பாத்தா? கையில கெடைச்ச வாளிய ஊத்துனோம்."

மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தேன். சோற்று வாசம்தான் வந்தது. பசியில் இருந்ததால் எனக்கே வாயில் நீர் ஊறியது.

கூட்டத்திலிருந்து ஒரு ஆள், "நான் ரெண்டு வாய் திண்டு பாக்குறேன் ஐயா. எனக்கு ஒண்ணும் ஆகலன்னா எல்லாரும் சாப்புடட்டும்" என்றான். சும்மா சொல்லவில்லை, தட்டையும் நீட்டினான். அந்த மருந்து உடனே காட்டிக்கொடுக்கிற வகை இல்லை என்று சொல்லி அவன் தட்டை இறக்கவைத்தேன். அவனுடைய நல்ல மனசுதான் அப்போது எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கையில் அத்தாட்சி இல்லை. சின்னத் தொரை பாதி சொல்லி மீதியை விழுங்கிவிட்டார். எதிரே ஊர் பசியோடு நிற்கிறது. அந்த அண்டாக்களில் இருந்தது கடையில் வாங்கிய அரிசி இல்லை, ஒவ்வொரு வீட்டு உலையிலிருந்தும் குறைத்து எடுத்த அரிசி. நான் பிழையாகச் சொல்வதற்கு இரண்டு வழி இருந்தது. தண்ணீர் சுத்தமாக இருந்து நான் கொட்டச் சொன்னால், அரிசி போகும், திருநாள் போகும், என் மரியாதையும் போகும். தண்ணீர் கெட்டிருந்து நான் சாப்பிடச் சொன்னால் போகப்போவது வேறு. எது நடந்திருக்கும் என்று ரோட்டோரத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன், விடை கிடைக்கவில்லை. எந்தப் பிழையோடு நாளைக்கும் இந்த லயத்து வழியாக நடக்க முடியும் என்று கேட்டபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அவசரத்தில் முடிவெடுக்கும்போது இரண்டு பிழையையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"கொட்டிருவோம் அக்கா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

ஞானம்மா அக்கா என்னை நேராகப் பார்த்தார். "நிச்சயமா மருந்து கலந்துருச்சுன்னு சொல்றீங்களா?"

"நிச்சயமாச் சொல்ல முடியல."

"நீங்க இத வாயில வைப்பீங்களா?"

"மாட்டேன் அக்கா."

"ஒங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?"

"குடுக்க மாட்டேன்."

அவர் அண்டா பிடிக்கும் துணியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "தூக்குங்கடி" என்றார். கோயிலுக்குப் பின்னால் பள்ளம் வெட்டி, நாய் கோழி கிட்ட வராமல் ஆள் நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டினோம். ஆவி பறந்தது. கடைசி அண்டாவைக் கவிழ்க்கும்போது அந்த மனுசி சத்தம் போட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

பீலியில் வாய் வைத்துக் குடித்ததாகச் சொன்ன சிலரைத் தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள். ஊற்றின் அடைப்பை எடுத்துத் தண்ணீர் திரும்பவும் வேகமாக வந்ததும், எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு மாலைவரை ஓடவிடச் சொன்னேன். குழாய்க்குள் என்ன இருந்தாலும் கழுவிப் போகட்டும் என்று. பக்கத்து டிவிஷனிலிருந்து பவுசர் லொறியில் குடிதண்ணீர் வந்தது. நோர்வூட் கடைகளில் கிடைத்த பேக்கரிப் பாணையும் வாழைப்பழத்தையும் அள்ளிவந்தோம். மாதா திருநாளுக்குப் பாணும் வாழைப்பழமும். பூசையில் பாட்டு சரியாக எழும்பவில்லை.

அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து பீலியில் தண்ணீர் எடுத்துப்போனார். முடிவும் வந்தது. தண்ணீரில் ஒன்றும் இல்லை.

எப்படி இருக்கும்? அரை நாள் திறந்துவிட்டுக் கழுவிய குழாய் அது. மருந்து போயிருந்தால் அதற்கான அத்தாட்சியையும் நான் சொன்ன தண்ணீரே அடித்துக்கொண்டு போயிருக்கும். அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை.

ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரிப்போர்ட் சுத்தம், சோறு போச்சு. 'சோறு கொட்டுன கண்டாக்கு' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். பெரட்டில் நான் ஏதாவது உறுதியாகச் சொன்னால், பின்வரிசையிலிருந்து, "ஷுவராங்க ஐயா?" என்று ஒரு குரல் வரும். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சிரிப்பு வராது. ஞானம்மா அக்கா என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். அதுதான் எல்லாவற்றிலும் வலித்தது.

தங்கவேலுவின் கவனக்குறைவு என்று எழுதி விஷயத்தை முடித்துவிடலாம் என்று ஆபீசில் பேச்சு வந்தது. நடந்ததா என்றே தெரியாத ஒன்றுக்கு ஒரு ஆளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டேன். ஒரு மனிதன் அவசரத்தில் டேப்பைப் பூட்ட மறப்பான். மறந்தால் ஊரே குடிக்கும்படி ஒரு கப்ளிங்கை அங்கே வைத்தது யார் மறதி? அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் கப்ளிங் நின்ற இடத்திலேயே நின்றது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். ஒரு கப்ளிங்கை வாங்கும்போது அது எதற்குப் பொருந்தும் என்று எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அது எதற்குப் பொருந்தக் கூடாது என்றும் பாருங்கள். மருந்துப் பக்கத்துக்கு ஒரு அளவு, தண்ணீர்ப் பக்கத்துக்கு வேறு அளவு இருக்கட்டும். ஆத்திர அவசரத்தில் ஒருவன் பூட்ட நினைத்தாலும் பூட்டாமல் போகட்டும். தண்ணீர்க் குழாயின் வாய் டாங்கிக்கு மேலே, தொடாமல் நிற்கட்டும். இடையில் ஒரு சாண் காற்று இருந்தால் எந்த மருந்தும் அதைத் தாண்டி மேலே ஏறாது. அந்த ஒரு சாணுக்காக ஒரு ஆள் நனைந்தால் நனையட்டும்.

இதையெல்லாம் சின்னத் தொரையிடமும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "அடுத்த ஆர்டர்ல பாப்போம். ரிப்போர்ட் சுத்தம்தானே, இப்பத்திக்கு பழையபடி பூட்டி அடிங்க" என்றார். அவர் கையில் ஒரு கடதாசி இருந்தது, என் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த முறை மருந்தடிக்கும் நாளில் நான் ஒரு முடிவோடுதான் போனேன். மெஷினை அங்கே பூட்ட விடமாட்டேன், வேலை போனாலும் சரி. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சின்னத் தொரை ஜீப்பில் முன்னால் போனார். தங்கவேலு ட்ராக்டரில் ட்ரெய்லரோடு பின்னால் வந்தான். என்ன பேசுவது, எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. ரோட்டோரக் குழாயில் கப்ளிங் இல்லை. அது இருந்த நுனியையே அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் டேப்பை மறுபடி மாட்டி, அதில் கறுப்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, பக்கத்தில் ஒரு கட்டை நட்டு, டாங்கியின் வாயைவிட உயரத்தில் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஞானம்மா அக்கா ஒரு குடத்தோடு நின்றார்.

சின்னத் தொரை இறங்கிப் பார்த்தார். "யாரு இத வெட்டினது?"

"நாந்தாங்க சேர். எங்க வீட்டு ஆள்கிட்ட அறுக்குற வாளக் குடுத்து வெட்டச் சொன்னேன். எழுதணும்னா எம்பேர எழுதிக்கங்க."

"ஏன்? தண்ணியில ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்திருச்சுதானே?"

"வந்துருச்சுங்க." ஞானம்மா அக்கா என் பக்கம் கையை நீட்டினார், முகத்தைத் திருப்பாமலே. "ஒண்ணும் இல்லன்னு நம்புனதாலதான் இந்த ஐயாகூட நான் இன்னும் பேசாம இருக்கேன். மருந்து இருந்திருந்தா என்னான்னு நெனச்சப்பதான் கொழாய வெட்டுனேன்."

சின்னத் தொரை குழாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். பிறகு தங்கவேலுவிடம் ட்ரெய்லரைக் குழாய்க்குக் கீழே கொண்டுவரச் சொன்னார்.

தங்கவேலு ட்ராக்டரைக் கிளப்பப் போனான். ஞானம்மா அக்கா நகரவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, தன் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்து டேப்பைத் திறந்தார். நாங்கள் எல்லாரும் நின்றோம். முதலில் அந்தக் குடம் நிறைந்தது, அதற்குப் பிறகுதான் டாங்கி.